பத்து அசையும் ஒரு வாலும்

“பதினாலு! நாலு கூடுது. உள்ளே விட முடியாது.”

சந்தம் தன் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவை மறித்து நின்றார். அந்தக் கோலில் பத்தே பத்து வெட்டுதான் உண்டு. வருகிற ஒவ்வொரு வரியையும் தலையிலிருந்து கால்வரை அதில் வைத்து அளப்பார். பத்து அசை இருந்தால் உள்ளே. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வெளியே.

“இன்னொரு தடவை அளங்கண்ணே,” என்றான் புதுசு.

“நூறு தடவை அளந்தாலும் பதினாலுதான்டா. உனக்காகக் கோல் நீளுமா?”

“நாலுதானே. கண்டுக்காம விடுங்க.”

“ஆளுக்கு நாலு விட்டா அப்புறம் இது செய்யுளா இருக்காது, சந்தைக்கடையா இருக்கும்.”

“சந்தையில பேசுறது எல்லாருக்கும் புரியுமே.”

சந்தம் முறைத்தார். புரிவது அவர் வேலை கிடையாது. அளப்பதுதான் அவர் வேலை.

புதுசு ஒரு எண்ணம். பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. பேர் வைக்க யாருக்கும் நேரமில்லாததால் எல்லாரும் புதுசு என்றே கூப்பிட்டார்கள். அவன் நுழையப் பார்த்தது ஒரு கவிதைக்குள். முந்நூறு வருஷத்துக்கு முந்தி லண்டனில் ஹாப்வுட் என்று ஒரு கவிஞர் இருந்தார். அவர் மேஜை மேல்தான் அந்தக் கவிதை வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் அந்தக் காலத்தில் கட்டுரையைக்கூடச் செய்யுளில்தான் எழுதுவார்கள். கடவுள் உலகத்தை ஏன் இப்படிப் படைத்தார், நல்ல கவிதை எது, கெட்ட விமர்சகன் எப்படி இருப்பான், எல்லாம் செய்யுள். ஹாப்வுட்டின் கட்டுரைக்குப் பேர் ‘அண்டத்தின் ஒழுங்கு’. அது சொல்ல வந்தது இவ்வளவுதான்: எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருக்கிறது, யாரும் முனகாதீர்கள். இதைச் சொல்ல எண்ணூறு வரி. நடுவே கவிதை எழுதுவது எப்படி என்று ஒரு நூறு வரி உபதேசம் வேறு. அதில் ஒரு வரி, ‘வீண்சொல் கூடாது, கூடாது, கூடவே கூடாது’ என்று நின்றுகொண்டிருந்தது. பத்து அசை நிரம்ப வேண்டுமே, அதுதான் என்ன செய்யும்.

எல்லா வரியும் தலையில் ஒரு பெரிய எழுத்தைப் பொய்முடி மாதிரி மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். தனியாக எந்த வரிக்கும் இடம் கிடையாது. புத்தகத்துக்குள் போனவர்கள் நூற்றுக்கணக்கான வருஷம் வாழ்வார்கள். வெளியே நின்றவர்கள் ஹாப்வுட்டின் கணப்பில் விறகோடு விறகாகப் போவார்கள். கணப்பு மேஜைக்கு நாலடி தூரம். அதன் சூடு கதவுவரை வந்தது.

“டேய் புதுசு,” என்றார் சந்தம், கொஞ்சம் இரங்கி. “உன் உடம்பு சரியாப் பத்து அசை இருக்கு. வால்தான் நாலு. அதை இங்கேயே நறுக்கிப் போட்டுட்டு உள்ளே போயிடு. வலிக்காது.”

புதுசு திரும்பித் தன் வாலைப் பார்த்தான்.

இங்கிலீஷில் அளந்தால் பதினாலு அசை; தமிழில் அவன் முழு உருவம் இது: ‘எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது இந்த உலகம், வண்டிக்குள்ளிருந்து பார்த்தால்.’

அவன் பிறந்த கதை அப்படி. செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்ட நேரம். ஹாப்வுட் தெருவோரமாக, ஒழுங்கைப் பற்றி யோசித்துக்கொண்டே நடந்து போனார். நாலு குதிரை பூட்டிய வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. பள்ளத்திலிருந்த சேறு முழுக்க ஹாப்வுட் மேல். பொய்முடியிலிருந்து மூக்கு வழியாகச் சொட்டியது. பக்கத்தில் போன பால்காரிக்கும் அதே கதி. அவள் வாயில் வந்ததை எழுத முடியாது. ஹாப்வுட் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் தலைக்குள் புதுசு பிறந்தான், வாலோடு, நனைந்துபோய்.

பிறந்து ரெண்டு நிமிஷம் ஆகவில்லை, அதே வண்டி நின்றது. உள்ளேயிருந்து டாவெர்லி பிரபு தலையை நீட்டினார். “அடடே, நீங்களா ஹாப்வுட்! ஏறுங்க, ஏறுங்க. இந்தச் சேத்துல நடக்கலாமா?”

ஹாப்வுட் ஏறிவிட்டார். உள்ளே மெத்தை. காலுக்குச் சூடான செங்கல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு நிஜமாகவே அழகாக இருந்தது. பால்காரிகூடப் படத்தில் வரைந்த மாதிரி நின்றாள். வண்டி வீட்டு வாசலுக்கு வருவதற்குள், கவிதையை அந்தப் பிரபுவுக்கே சமர்ப்பிப்பதாக ஹாப்வுட் வாக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் பிரபு வீட்டில் வாசிப்பு. பிரபுவுக்குப் பிடித்தால் கவிதை அச்சுக்குப் போகும். பிடிக்காவிட்டால் எண்ணூறு வரியும் கணப்புக்குப் போகும்.

புதுசு மட்டும் இன்னும் ஈரமாகவே இருந்தான்.

“வாலை வெட்டிட்டா நான் என்ன சொல்றேன்னு ஆகும்?” என்று கேட்டான்.

“‘எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது இந்த உலகம்’னு ஆகும். நல்லாத்தானே இருக்கு?”

“அதைத்தானே உள்ளே இருக்கிற எல்லாரும் சொல்றாங்க?”

“ஒருத்தன் கூடச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்?”

“வாலை அடுத்த வரியில போடுங்க அப்போ.”

“அடுத்த வரி அந்த அம்மாவோடது,” என்று சந்தம் கையைக் காட்டினார். “ரெண்டு வரிக்குள்ள ஒரு சங்கதியை ஆரம்பிச்சு, முடிச்சு, கதவைச் சாத்திடணும். இதான் இங்க சட்டம்.”

அந்தப் பக்கம் இயைபு அக்கா ஒரு கட்டு ஜாதகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிகளின் கடைசிச் சொல்லுக்கு ஓசைப் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்ப்பது அவள் தொழில். குணம், பொருள் எதையும் அவள் பார்க்க மாட்டாள். கடைசியில் சத்தம் சேர்ந்தால் சரி, தாலி கட்டிவிடுவாள்.

“இங்க வா ராஜா,” என்றாள். “உனக்கு வால் போனா கடைசிச் சொல் ‘உலகம்’, இங்கிலீஷ்ல ‘வேர்ல்டு’. அந்தச் சொல்லுக்கு ஓசை பொருந்துற பொண்ணு எத்தனை பேர்னு நினைக்கிறே? மூணு இல்லேன்னா நாலு. ஒருத்தி ‘கர்ல்டு’, சுருண்டு கிடப்பா. ஒருத்தி ‘அன்ஃபர்ல்டு’, விரிஞ்சு கிடப்பா. ஒருத்தி ‘ஹர்ல்டு’, எறியப்பட்டிருப்பா. தத்துவக் கவிதைன்னா ‘உலகம்’ வராம இருக்குமா? அதான் பாரு, இந்த ஊர்க் கவிதையில எங்க திரும்பினாலும் எதையாவது தூக்கி எறிஞ்சுக்கிட்டே இருப்பாங்க.”

அவள் பின்னால் ஒரு வரி சுவரில் சாய்ந்து நின்றது. ‘வெட்டவெளியில் ஒரு வால்நட்சத்திரம் எறியப்பட்டது.’ எல்லாரும் அவளை வெள்ளி என்று கூப்பிட்டார்கள். ஓசைக்காகவே செய்த வரி. நாற்பது நாளாக மாப்பிள்ளைக்குக் காத்திருந்தாள்.

“உன்னை யார் எறிஞ்சது?” என்று கேட்டான் புதுசு.

“தெரியாது.”

“எதுக்கு எறிஞ்சாங்க?”

“அதுவும் தெரியாது. ஜோடி வரி ‘உலகம்’னு முடிஞ்சதும் நான் பறக்கணும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க.”

“அப்போ உனக்கு அர்த்தமே இல்லையா?”

“நேராக் கேட்டுட்டியே,” என்று சிரித்தாள் வெள்ளி. “இல்ல. நான் ஒரு மூடி. முதல் வரியில என்ன வேணாலும் இருக்கட்டும், நான் வந்து ‘டப்’புன்னு மூடிடுவேன். கேட்கிறவங்க ‘ஆகா’ன்னு தலையாட்டுவாங்க. மூடின பானைக்குள்ள யார் எட்டிப் பார்க்கப் போறாங்க?”

“வெக்கமா இல்ல?”

“கணப்புப் பக்கம் ஒரு தடவை போய் நின்னு பாரு, வெக்கமெல்லாம் வருதான்னு.” அவள் குரல் தாழ்ந்தது. “நீ வாலோட வெளிய நின்னா, எனக்கும் ஜோடி இல்ல. உன் கூட நானும் எரியணும். அதையும் யோசிச்சுக்க.”

புதுசுக்கு இது பிடிக்கவில்லை. தன் பாட்டைத் தான் படுவது ஒன்று. தன்னால் இன்னொருத்தி எரிவது வேறு. “பாக்கலாம்,” என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஹாப்வுட் நல்ல காகிதத்தில் நல்ல மையால் பிரதி எழுத உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை நனைந்ததில் அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. வரிகள் ஜோடி ஜோடியாக உள்ளே போயின. சந்தம் ஒவ்வொன்றாக அளந்து விட்டார். நானூற்றுப் பன்னிரண்டு வரி போயாயிற்று. புதுசின் முறை. வால் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. சந்தம் கத்தியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஹாப்வுட் தும்மினார். சாதாரணத் தும்மல் கிடையாது. பொய்முடி நழுவிக் கண்ணை மறைத்தது, மைக்கூடு குலுங்கியது. சந்தத்துக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. தும்மின மனிதருக்கு மூக்கு எரிய எரிய அந்தச் சேறும் சக்கரமும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, புதுசு வாலோடு முழுசாகக் காகிதத்தில் படுத்திருந்தான். பின்னாலேயே வெள்ளியும் ஓடிவந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

“அய்யோ,” என்றார் ஹாப்வுட்.

“அடிச்சிடுங்க ஐயா, அடிச்சிடுங்க!” என்று குதித்தார் சந்தம்.

ஹாப்வுட் இறகுப் பேனாவை எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். என்ன எழுத்து, என்ன வளைவு, ஒரு சொட்டு மை சிந்தாத பக்கம். இதில் குறுக்கே ஒரு கோடு போடுவதா? கோடு போட்ட பிரதியைப் பிரபு கையில் கொடுப்பதா? இறகைக் கீழே வைத்துவிட்டார். வாசிக்கும்போது பத்து அசையோடு நிறுத்திக்கொண்டால் போகிறது. காகிதத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

“இந்தா பாரு,” என்று புதுசை விரலால் தட்டினார். “வாலை மடிச்சு வச்சுக்க.”

சனிக்கிழமை மத்தியானம் பிரபு வீட்டு மாடியில் தேநீர். பிரபு வீங்கின காலை ஒரு முக்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு விருந்தாளிகள். அவர்களில் ஒரு கிழச் சீமாட்டி பதினேழாவது வரியிலேயே தூங்கிப்போனாள். ஆனாலும் பழக்கதோஷம், ஒவ்வொரு ஜோடி முடிந்து ஓசை சேரும்போதும் தூக்கத்திலேயே தலையாட்டினாள். முழித்திருந்தவர்களும் அப்படியேதான் ஆட்டினார்கள். முந்நூறாவது வரிக்குமேல் யார் தூங்குகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வரிகள் ஒவ்வொன்றாக ஹாப்வுட்டின் நாக்கில் ஏறி, பேசி, இறங்கிப் போயின.

புதுசு வரிசையில் நின்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கு முன்னால் நின்றவன், ‘அழகாய் அமைந்தது அண்டம்’ என்றான். அவனுக்கு முன்னால் போனவன், ‘அமைப்பில் அழகே அழகு’ என்றான். அதற்கும் முன்னால் போனவன் அதையே திருப்பிப் போட்டான். புதுசு தன் உடம்பைத் தடவிப் பார்த்தான். வாலை மடித்தபிறகு தனக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முந்நூறு வருஷம் கழித்து எவனாவது புத்தகத்தைத் திறந்து, இதில் புதுசு எது என்று தேடினால் தன்னைத் தனக்கே காட்டத் தெரியாது.

“வெள்ளி,” என்று கிசுகிசுத்தான். “நான் வாலை நீட்டப் போறேன்.”

“பாவி! நீட்டினா நீ ‘உலகம்’னு முடிய மாட்டே. நான் எதோட ஓசை சேர்றது?”

“சேராதே.”

“சேராம?”

“சும்மா இரு. ஒரு தடவை பறக்காம நின்னு பாரு.”

வெள்ளி அவன் மடித்து வைத்த வாலை எட்டிப் பார்த்தாள். பிறகு, “பறக்காம இருக்கலாம்னு யாரும் எங்கிட்ட சொன்னதே இல்ல,” என்றாள்.

முறை வந்தது. புதுசு நாக்கில் ஏறினான்.

“எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது இந்த உலகம்,” என்று வாசித்தார் ஹாப்வுட். கையை அழகாக ஆட்டினார். நிறுத்தப் போனார். முடியவில்லை. நாக்கின்மேல் ஏதோ உருண்டது.

“வண்டிக்குள்ளிருந்து பார்த்தால்.”

அறை முழுவதும் ஓசைக்குக் காத்திருந்தது. பன்னிரண்டு தலைகள் ஆடுவதற்குத் தயாராகப் பாதி சாய்ந்து நின்றன. ஹாப்வுட் அடுத்த வரியைத் தேடினார். வெள்ளி காகிதத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். “நான் வரல. எனக்குக் கால் வலிக்குது.”

மூடி வரவில்லை. பானை திறந்தே கிடந்தது.

கிழச் சீமாட்டி திடுக்கிட்டு விழித்தாள். “என்ன ஆச்சு? ஏன் சத்தம் நின்னுபோச்சு? யாராவது செத்துட்டாங்களா?”

தலையாட்ட வழியில்லாததால் எல்லாருக்கும் கேட்டதை யோசிக்க வேண்டியதாகிவிட்டது. பாவம், அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருவர் தன் கோப்பைக்குள் பார்த்தார். ஒருவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், வாசலில் நின்ற நாலு குதிரை வண்டியைப் பார்த்துவிட்டு, அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டு ஏந்தி நின்ற வேலைக்காரப் பெண் மார்த்தா உதட்டைக் கடித்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் தட்டில் இருந்த கோப்பைகள் எல்லாம் கிணுகிணு என்று சிரித்துவிட்டன.

பிரபு மெல்லத் தன் காலை முக்காலியிலிருந்து இறக்கினார்.

“ஹாப்வுட்,” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “கடைசியா என்னவோ சொன்னீங்களே. வாய் தவறி வந்துடுச்சு, இல்லையா?”

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். அந்தக் கேள்வியிலேயே ஹாப்வுட் தப்பிப்பதற்கு ஒரு கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ‘ஆமாம் பிரபு, வாய் தவறிப்போச்சு’ என்று ஒரு வார்த்தை. அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். தேநீர் ஆறாது, கவிதை அச்சுக்குப் போகும், எல்லா வரியும் பிழைக்கும்.

காகிதத்துக்குள் ஒரே கூச்சல். “ஆமாம்னு சொல்லச் சொல்லுங்கய்யா!” என்று சந்தம் கோலைத் தரையில் அடித்தார். “ஏன்டா ராஜா, எத்தனை ஜோடியை நான் சேர்த்து வச்சேன், எல்லாத்தையும் அறுத்துப் போடாதேடா!” என்று இயைபு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ‘வீண்சொல் கூடாது, கூடாது’ வரி இன்னும் இரண்டு ‘கூடாது’ சேர்த்துக் கத்தியது. வெள்ளி மட்டும் கத்தவில்லை. அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஹாப்வுட் வாயைத் திறந்தார். ‘வாய் தவறிப்போச்சு’ தொண்டைவரை வந்துவிட்டது. மேலே ஏற இடமில்லை. நாக்கின் நடுவில் புதுசு வாலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“டேய்,” என்றார் ஹாப்வுட் உள்ளுக்குள்ளேயே. “எறங்குடா.”

“ஒண்ணு கேக்கவா? நான் தவறியா வந்தேன்?”

“அதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“இப்பவே சொல்லுங்க. நான் பொய்யா?”

“பொய்யின்னு நான் சொன்னேனா? இங்கே வேணாங்கிறேன். இந்த மனுஷன் முன்னால வேணாங்கிறேன். உனக்குத் தனியா ஒரு கவிதை எழுதுறேன். சின்னதா. பின்னால, எப்பவாவது.”

“எப்பவாவது,” என்றான் புதுசு.

“ஹாப்வுட்?” என்றார் பிரபு. “நான் ஒண்ணு கேட்டேன்.”

வாயைத் திறந்தபடி, ஒரு சத்தமும் வராமல், மீன் மாதிரி நின்றார் ஹாப்வுட். பன்னிரண்டு பேரும் அந்த வாயையே பார்த்தார்கள். தட்டோடு நின்ற மார்த்தா ஒரு அடி முன்னால் வந்து பார்த்தாள்.

“கெஞ்சிக் கேக்கிறேன்டா,” என்றார் ஹாப்வுட். “நாக்கை விட்டு எறங்கு. அந்த ஒரு வார்த்தைக்கு வழி விடு.”

அவன் இறங்கவில்லை.